வெற்றிலையைத் துப்பச் சொன்ன நாள்

எனக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டன. ஊரில் என்னைச் செவிடி என்றார்கள். செவிடிதான், இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் செவிடி என்றால் மொக்கு, மூளையில்லாதவள் என்றும் சேர்த்துச் சொன்னார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை வயதாகியும் பொறுக்க முடியவில்லை.

காது போன பிறகு, வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க நானாகவே பழகிக்கொண்டேன். உம்மா என்னைக் கூப்பிட வேண்டுமானால் காலால் தரையில் தட்டுவார். நான் திரும்பி முகத்தைப் பார்த்த பிறகுதான் கதைப்பார். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்னும் பின்னும் வருகிற சொல்லை வைத்து எது என்று கண்டுபிடித்துவிடுவேன். பேசுகிறவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், வாய் தெளிவாகத் தெரிய வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

அது வீட்டில் கிடைத்தது, கல்முனையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. ஐம்பதுகளில் நடந்த கதை இது. ஐந்தாம் வகுப்பில் நான் மூன்றாவது வருஷமாகக் குந்திக்கொண்டிருந்தேன். கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் வகுப்பில் முதல் ஆளாக முடிப்பேன். சொல்வதெழுதலில் மட்டும் பூச்சியம். அதில் தவறினால் மேலே ஏற்ற மாட்டார்கள்.

எங்கள் வாத்தியார் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாங்கள் குந்தும் வாங்குகளுக்கிடையில் நடந்தபடியே சொல்லுவார். பெண் பிள்ளைகள் கடைசி வாங்கில். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பிடரிதான். திரும்பி வரும்போது முகம் தெரியும். ஆனால் எச்சில் வழியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு கதைக்கிற அந்த வாயிலிருந்து, வானத்து மலக்கே இறங்கி வந்தாலும், ஒரு சொல்லைப் பிடிக்க முடியாது.

முதல் வருஷம் தவறியதும் வாப்பா போய் வாத்தியாரிடம் மரியாதையாகச் சொன்னார், பிள்ளைக்குக் காது கேட்காது, கொஞ்சம் பார்த்துச் சொல்லிக் கொடுங்கள் என்று. அந்த மனிதரும் பார்த்துத்தான் செய்தார், சும்மா சொல்லக்கூடாது. அடுத்த நாளிலிருந்து எனக்குப் பின்னால் வந்து குனிந்து, என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தத் தொடங்கினார். கேட்காத காதுக்குள் கத்தி என்ன பயன்? முன்பு தூரத்திலாவது தெரிந்த வாய் இப்போது அடியோடு தெரியாமல் போயிற்று. கன்னத்தில் வெற்றிலைச் சாறு தெறித்ததுதான் மிச்சம். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன், உங்கள் பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்று வாப்பாவிடமே முறைப்பட்டிருக்கிறார். இரண்டாம் வருஷமும் பூச்சியம்.

மூன்றாம் வருஷம் வாப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். சாகாமத்து வயலில் அறுப்பு முடிந்து வந்திருந்தார். இந்த முறையும் தவறினால் பள்ளிக்கூடம் போதும், வீட்டோடு இருக்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. என் வயதுப் பெண்கள் பலரை ஏற்கெனவே வீட்டில் நிறுத்தியாகிவிட்டது. எனக்குப் படிப்பு வேண்டும். புத்தகம் ஒன்றுதான் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கதைத்தது.

சோதனையன்று காலை உம்மா தலை வாரி முடித்து, என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“இண்டைக்கு வாத்தியாரோட வாய் காட்டிராத, மகள். பேசாம எழுதிட்டு வா.”

ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் என்னத்தை எழுதுவது?

சோதனை எடுக்க வித்தியாதரிசி வந்திருந்தார், பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருகிற அதிகாரி. கோட்டுப் போட்ட மனிதர், வெளியூர்க்காரர். வாத்தியாருக்குப் பதற்றம் வந்தால் வெற்றிலை இரட்டிப்பாகும். அன்று இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. புத்தகத்தை எடுத்து நடக்கத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். அவர் வழக்கம்போல என் பின்னால் வந்து குனிந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

“சேர், வெத்திலையத் துப்பிப்போட்டு, எனக்கு முன்னால நிண்டு சொல்லுங்க.”

என் குரல் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். எல்லா வாயும் சிரிப்பில் திறந்ததைக் கண்டேன். வாத்தியார் பிரம்பை எடுத்தார். வித்தியாதரிசி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கதைத்தார். வெறும் வாய், ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று தெரிந்தது.

“ஒரு பிள்ளைக்கு ஒரு முறை, மற்றப் பிள்ளைகளுக்கு வேறொரு முறை எண்டா அது சோதனையா?”

“அவங்களுக்குக் காதுல சொல்றாரு. எனக்குக் கண்ணுல சொல்லட்டும். அதே சொல்லுதானே, சேர்.”

குந்தி எழுது என்றார். நான் குந்தவில்லை. மூத்திரம் வந்துவிடுமோ என்று பயந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குந்தினால் அந்த வாங்கிலிருந்து நேராக அடுப்படிக்குத்தான் போக வேண்டும் என்று தெரியும். தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சோதனை அப்படியே நின்றுபோயிற்று.

வித்தியாதரிசிக்கு என்மேல் இரக்கம் வந்தது என்று சிலர் பின்னாளில் கதை கட்டினார்கள். இரக்கமுமில்லை, ஒன்றுமில்லை. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் இரண்டு வகுப்பு மிச்சம், லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்கூடம் கலைந்துவிடும்.

“துப்பிப்போட்டு வாங்க, மாஸ்டர். நேரம் போகுது.”

வாத்தியார் யன்னலுக்கு வெளியே துப்பினார். மண் முட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தார். வந்து என் முன்னால் நின்றார். வெளிச்சம் அவருக்கு முதுகுப் பக்கம். அவரை யன்னலைப் பார்த்து நிற்கும்படியும் சொன்னேன். வந்தது வரட்டும், அரைகுறையாகக் கேட்பானேன்?

அவருக்கு என்மேல் இருந்த கோபத்தில் வகுப்பு முழுவதற்குமாக முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கடித்துக் கடித்துச் சொன்னார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? குளத்தையும் வயலையும் பற்றிய பாடம். வாய்க்கால், வரம்பு, மடை எல்லாம் வாப்பாவின் வாயில் ஆயிரம் முறை பார்த்த சொற்கள். எழுதினேன்.

தாள்களை வித்தியாதரிசி அங்கேயே திருத்தினார். எனக்கு இரண்டு பிழை. வழக்கமாகப் பாதி வகுப்புத் தவறும் சோதனையில் அன்று மூன்று பேர்தான் தவறினார்கள். வெளியே வந்ததும் என் வாங்குக்காரி தோளைத் தொட்டுத் திருப்பினாள். காலையில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவள் அவள்.

“எங்களுக்கும் இண்டைக்குத்தான் கா அவர் சொல்றது விளங்கிச்சி.”

எனக்கு வந்ததே கோபம். காதுள்ளவர்கள் அத்தனை வருஷமும் விளங்காமல் பேசாமல் இருந்திருக்கிறார்கள், மொக்கு என்ற பெயர் மட்டும் எனக்கு.

ஆறாம் வகுப்புக்குப் போனேன். புது வாத்தியாரும் வெற்றிலைக்காரர். முதல் நாளே எழுந்து நின்றேன்.