வியாழக்கிழமை அடுக்கு

தவறு என்று தான் நினைக்கும் ஒன்றை இன்னொருத்தி தன் உடம்பில் செய்துகொள்ள வரும்போது, தடுக்கத் தனக்கு உரிமையில்லை என்றும் ஒருவர் நினைக்க முடியுமா? முடியும் என்று வாதாடுவது எளிது. இருபத்தொரு வருடம் அப்படி நினைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வருவது வேறு. பெண்கள் மருத்துவமனையில் செவிலியாக இருந்த அவள் போய் வந்தாள்.

அங்கே வியாழக்கிழமை கருக்கலைப்பு நாள். மற்ற செவிலிகளில் ஒருத்திக்கு மனசாட்சி, ஒருத்திக்குத் தலைசுற்றல், ஒருத்தி நிறைமாதம். எல்லாருடைய வியாழனும் சுற்றிச் சுற்றி இவள் தலையில் வந்து விழும். 'வியாழக்கிழமை அக்கா' என்றே பெயராகிவிட்டது.

"கிழமையையே உங்க பேர்ல எழுதி வெச்சுடலாம்க்கா" என்பாள் இளைய செவிலி.

"எழுதி வை. வரியை நீ கட்டு."

அவளுக்கு ஒரே ஒரு விதி. முந்தின நாளே கோப்புகளைப் பதிவு வரிசைப்படி அடுக்கிவிடுவாள்; யார் கெஞ்சினாலும் மாற்றமாட்டாள். மருத்துவர் மதியம் இரண்டு மணிக்கு வேலையை முடித்து எழுந்துவிடுவார். அடியில் மிஞ்சுவது அடுத்த வாரத்துக்குப் போகும். அதற்குள் கலைக்கச் சட்டம் அனுமதிக்கும் கெடு தாண்டினால், அந்தப் பெண் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

குழந்தை தங்காமல் மூன்று முறை அதே கட்டடத்தில் படுத்து எழுந்தவள் அவள். கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு இருந்தாள். ஒரு புதன்கிழமை, அடுக்கில் ஒன்பதாவதாகத் தம்பி மனைவியின் கோப்பு வந்தது. கெடுவுக்கு மூன்றே நாள். கலைக்க வரும் பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும், கணவனுடையது வேண்டாம் என்பது அங்கே சட்டம். அதனால்தான் தம்பிக்கு அக்கா தேவைப்பட்டாள்.

பேருந்து ஓட்டுகிற அவன், சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நீ பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். அவ ஃபைலை அடியில சொருகிடு. ஒரு வாரம் தள்ளினா போதும்."

"அவகிட்ட பேசினியா?"

"பேசிப் பேசி வாய்தான் வலிக்குது. பொறக்கட்டும்க்கா. உனக்கே குடுத்துடறேன். உன் புள்ளையா வளத்துக்கோ."

கழுவி வைத்த தட்டை அவள் மறுபடி எடுத்துக் கழுவினாள். அவன் போய்விட்டான்.

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி வந்தாள்.

"குடுத்தாச்சாமே அண்ணி? நான் என்ன, இரவல் பாத்திரமா? ரெண்டாவதுக்குத் தையல் பிரிஞ்சு மூணு மாசம் உக்கார முடியாம கிடந்தேன். நீங்கதான் தூக்கி விட்டீங்க. இன்னொண்ணு என்னால முடியாது."

"தெரியும்."

"இதைத் தப்புன்னுதானே நினைக்கிறீங்க?"

"ஆமா" என்றாள். "காலையில வெறும் வயித்தோட வா. தண்ணிகூடக் குடிக்காத."

மறுநாள் காலை அடுக்கின் முன் நின்றாள். அடியில் சொருகினால் யாருக்கும் தெரியாது. ஒன்பதாவது இடத்திலேயே விட்டுவிட்டால் விதி நிற்கும். மற்றது மருத்துவரின் கடிகாரத்தின் பாடு. கை கழுவ அதைவிட வசதியான இடம் இல்லை.

கோப்பை உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். ஊசி போடும்போது தம்பி மனைவியின் இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவர் அன்று எட்டுக் கோப்போடு எழுந்துவிட்டார். வரிசைப்படி எட்டாவதாக உள்ளே போயிருக்க வேண்டியவள், கெடுவுக்கு இன்னும் நாளிருந்ததால், முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வாரச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். அவள் முகத்தை வியாழக்கிழமை அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

நடந்ததைத் தம்பியிடம் அவளே சொன்னாள்.

"எட்டோட எந்திரிச்சாரா? அப்போ நீ தொடாம இருந்திருந்தாலே போதுமே! ஏன்க்கா மேல வெச்ச?"

"ரெண்டு நாளைக்கு அவளைக் கனமா எதையும் தூக்க விடாத" என்றாள்.

ஓய்வு பெறும்வரை அவள் வியாழக்கிழமைகளை விடவில்லை. அதன்பின் எந்தக் கோப்பையும் வரிசை மாற்றவில்லை. தம்பி பிறகும் பலமுறை கேட்டான். அந்த ஒரு கோப்பை ஏன் மேலே வைத்தாள் என்று அவள் சொல்லவேயில்லை.