கதவோரத்து மீன்கள்

முதல் நாள் வேலைக்கு அவள் வீட்டிலிருந்து கத்தி கொண்டுவந்தாள். ‘மீன் பிரிவுக்கு ஆள் தேவை’ என்று கேள்விப்பட்டதும், கேன்டீனில் மீன் கழுவி நறுக்குகிற வேலை என்றுதான் நினைத்திருந்தாள். நான்காவது மாடியில் ஒரு கதவைத் திறந்து காட்டினார்கள். தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய தொட்டிகளில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிமீன்கள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

“இதை யாரு திம்பாங்க?” என்றாள்.

ஆய்வுக்கூடத்தின் தலைவியான பேராசிரியை சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. “இவங்களுக்கு நாமதான் தீனி போடணும்க்கா.”

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவள் மீனக்கா.

அவள் வேலைக்கு வர நேர்ந்ததே வீட்டுக்காரரால்தான். அவர் பஸ் ஓட்டுநர். முந்தைய வருடம் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிட்டது.

“அது திரும்ப வளராதா டாக்டர்?” என்று கேட்டாள் அவள்.

“தோல் வளரும்மா. இதயத் தசை அப்படி வளராது. மிச்சம் இருக்கிறதை வெச்சுத்தான் ஓட்டணும்.”

படுக்கையிலிருந்து ஈனக்குரலில் பதில் வந்தது. “ஓட்டுறது ஒண்ணுதானே எனக்குத் தெரிஞ்ச வேலை.”

அவர் மறுபடி பஸ் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் மீன்களிடம் வந்து சேர்ந்தாள்.

தீனி போடுவது, தொட்டி துடைப்பது, தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது என்று மூன்று வாரம் ஓடியது. அந்த மீன்களை எதற்கு வளர்க்கிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பேராசிரியை மயங்கிக் கிடந்த ஒரு மீனைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்தார்.

“இதை மட்டும் தனியா வைங்கக்கா. இதயத்துல அஞ்சுல ஒரு பங்கை வெட்டி எடுத்திருக்கோம்.”

“ஐயோ! செத்துடாதா?”

“சாகாது. ரெண்டு மாசத்துல திரும்ப வளந்துடும். தழும்புகூட இருக்காது.”

மீனக்காவின் கையிலிருந்த தீனி டப்பா சரிந்து தரையெல்லாம் தூளானது. அதைப் பெருக்கி அள்ளிவிட்டு, பொருள் வைக்கும் அறைக்குப் போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். முதலில் வந்தது கோபம்தான். இத்தனூண்டு உயிருக்கு முடிகிறது, ஆறடி மனுஷனுக்கு முடியாதா? யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத கோபம். அது அடங்கிய பிறகு, அடியில் வேறொன்று இருந்தது. சின்ன வயதில் முதல்முதலாகக் கடலைப் பார்த்தபோது வாயடைத்து நின்றாளே, அந்த மாதிரி ஒன்று.

மறுநாள் நேராகப் போய்க் கேட்டாள். “மேடம், அது வளர்றதை நான் பாக்கணும்.”

பார்க்க வைத்தார்கள். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும் ஓர் இனம் அங்கே இருந்தது. கீழ்த்தளத்து வேதியியல்காரர்கள் ஒரு சாயம் செய்து கொடுத்திருந்தார்கள். புதிதாகப் பிறக்கும் தசையில் மட்டும் அது பச்சையாக ஒளிரும். இயற்பியல்காரர்கள் காகிதம்போல் மெல்லிய ஒளியை உடம்புக்குள் செலுத்திப் படம் பிடிக்கும் கருவியைக் கட்டியிருந்தார்கள். இதயத்தை வெட்டியிருந்த அந்த இன மீன் ஒன்றைச் சில நிமிடம் தூங்க வைத்து அதனடியில் கிடத்தினார் பேராசிரியை. மீனக்கா திரையருகே குனிந்தாள்.

இதயம் துடித்துக்கொண்டிருந்தது. வெட்டிய விளிம்பில், கடுகைத் தூவினதுபோல் பச்சைப் புள்ளிகள். பழைய தசை சுருங்கும்போது அவையும் சுருங்கின. அது விரியும்போது அவையும் விரிந்தன.

“மேடம், நேத்துப் பொறந்ததுங்க இதெல்லாம். தாளம் தப்பாமத் துடிக்குதே! யாரு சொல்லிக் குடுத்தா?”

“அதைத்தான் நாங்களும் பதினோரு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கோம்” என்றார் பேராசிரியை.

பதினோரு வருஷம் படித்தவர்களுக்கும் தெரியாது என்பது அவளுக்கு இன்னொரு ஆச்சரியம்.

அந்தக் கூடத்தில் கணக்குக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது, எப்போதும் ஒரே நீலச் சட்டை. மீனைத் தொடவே மாட்டார். வெறும் சமன்பாடுகளை வைத்துக் கணினிக்குள் ஓர் இதயத்தையே கட்டிக்கொண்டிருந்தார். எத்தனையாவது நாள் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அவருடைய கோடு முன்கூட்டியே சொல்லும். பெரும்பாலான மீன்கள் அந்தக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தன. கொஞ்சம் மீன்கள் மட்டும் எப்போதும் கீழே தொங்கின. நாலு மாதமாக அவருக்கு அதே தலைவலி.

“என் கணக்கு தப்பா, இல்ல மீன் தப்பான்னே தெரியல” என்று ஒருநாள் வாய்விட்டுப் புலம்பினார்.

தொட்டி துடைத்துக்கொண்டிருந்த மீனக்கா திரும்பினாள். “எந்த மீனுங்க சார்?”

அவர் தொட்டி எண்களைப் படித்தார்.

“அட, அதெல்லாம் கதவோரத்து அடுக்கு சார். யாராவது வந்து போனா அந்தக் கதவு டமால்னு சாத்திக்குது. சாத்துற ஒவ்வொரு தடவையும் இதுங்க பயந்து அடியில போய் ஒட்டிக்கும். ஆப்பரேஷன் ஆன மீனுங்க மத்த அடுக்குல மூணாம் நாள் தீனிக்கு வந்துடும். இதுங்களுக்கு ஆறு நாள் ஆகுது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் அங்கியின் பையிலிருந்து கோடுபோட்ட நோட்டு ஒன்றை எடுத்தாள். தொட்டிக்கு ஒரு வரி. எந்த மீன் எந்த நாள் தீனிக்கு வந்தது என்று ஏழு மாதத்துக்கு டிக் போட்டு வைத்திருந்தாள்.

“இதை யாரு எழுதச் சொன்னா?”

“யாரும் சொல்லல. ஆஸ்பத்திரியில வீட்டுக்காரர் எத்தனாவது நாள் பசிக்குதுன்னு சொன்னாருன்னு எழுதி வெச்சேன். இங்கேயும் அதே பழக்கம் வந்துடுச்சு.”

கணக்குக்காரர் நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் உடனே நம்பிவிடவில்லை, நம்பவும் கூடாது என்றார். கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். தொட்டிகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டு இடம் மாற்றினார்கள். வேறொரு அறையில் ஒரு கூட்டம் மீன்களுக்கு மட்டும் வேண்டுமென்றே அதே சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். பயத்தில் சுரக்கும் வேதிப்பொருளை வேதியியல்காரர்கள் அளந்தார்கள். ஆறு மாதம் ஆயிற்று.

முடிவு சொல்லும் கூட்டத்துக்கு மீனக்காவையும் கூப்பிட்டார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தம் நின்ற அறையில் கதவோரத்து மீன்கள் மற்றவற்றோடு சமமாக வளர்ந்திருந்தன. சத்தம் கேட்ட மீன்கள் பின்தங்கியிருந்தன. கணக்குக்காரர் பயத்தையும் ஓர் அளவாகச் சமன்பாட்டில் சேர்த்திருந்தார். திரையில் கணினி இதயம் துடித்தது. கோட்டுக்குக் கீழே சிதறிக் கிடந்த மீன்களின் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து கோட்டில் வந்து அமர்ந்தன.

“இதெல்லாம் நான் போட்ட டிக்கா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஆரம்பம் அதுதான்” என்றார் அவர். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அன்று முதல் வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. சொந்தக்காரர்களின் சண்டை சச்சரவுகளை வீட்டுக்காரர் காதில் போடுவதையும் நிறுத்தினாள். விஷயம் தெரிந்து பேராசிரியை எச்சரித்தார்: “அக்கா, நாங்க மீன்லதான் பாத்திருக்கோம். மனுஷங்களுக்கு இதுன்னு இன்னும் சொல்ல முடியாது.”

“தெரியும் மேடம். ஆனா வீடு அமைதியா இருந்தா நஷ்டமில்லையே.”

இதைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் அவளுடைய முழுப்பெயர் வந்தது. ‘இந்த அம்மா யாரு?’ என்று அதே மாடியில் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

ஒரு விடுமுறை நாளில் பேராசிரியையிடம் அனுமதி வாங்கி வீட்டுக்காரரை அழைத்துவந்தாள். லிப்ட் ஏறி, செருப்புக்கு மேல் உறை மாட்டி, அவர் திரைமுன் உட்கார்ந்தார். மயங்கிக் கிடந்த மீனின் இதயத்தில் பச்சைப் புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன.

“எனக்கு இந்த மாதிரி வளர வெக்க முடியுமா?” என்று கடைசியில் கேட்டார்.

“பொய் சொல்ல விரும்பல. உங்க காலத்துல வருமான்னு எனக்குத் தெரியாது” என்றார் பேராசிரியை.

“சரிம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கட்டுமா?”

“மயக்கம் தெளியப் போகுது. ரெண்டு நிமிஷம்.”

இரண்டு நிமிடமும் அவர் கண் இமைக்கவில்லை. வாலின் நுனி அசைந்ததும் பேராசிரியை மீனைத் தொட்டியில் விட்டார். அது ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. மீனக்கா கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் ஒருமுறை சிலிர்த்து, நிமிர்ந்து, மற்ற மீன்களுக்கு நடுவே நுழைந்தது.

“எது அது?” என்றார் அவர்.

“இப்ப எனக்கே தெரியலைங்க” என்றாள் அவள்.