மூன்று கொட்டேஷன் சைக்கிள்

எழுபதுகளில் எனக்கு ஜாதவ்பூரில் கெமிஸ்ட்ரி படிக்க இடம் கிடைத்தபோது, அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பவானிபூரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகக் கூடாது, சைக்கிளில்தான் போக வேண்டும். காலேஜ் திறக்கும் திங்கட்கிழமைக்குள் சைக்கிள் தயாராகாவிட்டால், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் காலேஜில் சரித்திரம் படிக்க வேண்டியதுதான். எனக்குச் சரித்திரம் என்றாலே கொட்டாவி வரும்.

காலேஜ் திறக்க இரண்டு மாதம் இருந்ததே, சைக்கிள் வாங்க அது போதாதா என்று கேட்பீர்கள். என் அப்பாவை உங்களுக்குத் தெரியாது. ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர். மூன்று கடைகளிலிருந்து விலை எழுதிய கொட்டேஷன் வராமல் குண்டூசிகூட வாங்கமாட்டார். முழு சைக்கிளைவிடப் பாகம் பாகமாக வாங்கி மாட்டினால் மலிவு என்று கண்டுபிடித்தார். ஃப்ரேமுக்கு மூன்று கடை, சக்கரத்துக்கு மூன்று கடை, பெடலுக்கு மூன்று கடை என்று தபால் கார்டுகள் பறந்தன. குறைந்த விலைக்காரனுக்கு ஆர்டர். ஒன்றோடொன்று பொருந்துமா என்று மட்டும் எந்தக் கார்டிலும் கேட்கவில்லை.

லேடீஸ் ஃப்ரேமுக்கு ஒரே ஒரு கடைதான் பதில் போட்டது. ஒற்றைக் கொட்டேஷன் செல்லாது என்று குறுக்குக்கம்பி வைத்த ஆண்கள் ஃப்ரேமை வாங்கிவிட்டார். அம்மா தலையிலடித்துக்கொண்டு எனக்கு சல்வார் தைத்தாள். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிடச் சிறியது. சமதரையில் நின்றாலும் மேடேறுவது போலிருக்கும். பெல் கிடர்பூரில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையிலிருந்து வந்தது. அடித்தால் மூன்று வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து யார் என்று பார்த்தார்கள்.

தெருமுனை சைக்கிள் மிஸ்திரி ஒரு வங்காளி. ஞாயிறுதோறும் வந்து, வந்து சேர்ந்ததை மாட்டிப் பார்ப்பார். இது சைக்கிள் இல்லை, கூட்டுக்குடும்பம், ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாது என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுப்பார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

கடைசி ஞாயிறு காலை எல்லாம் மாட்டியாகிவிட்டது, பிரேக்கைத் தவிர. பிரேக்குக்கு இரண்டு கொட்டேஷன்தான் வந்திருந்தது. அதில் குறைந்தது மிஸ்திரியுடையதே. மனுஷர் பிரேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். மூன்றாவது வரட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார் அப்பா. அடுத்த வாரம் நான் முகலாயர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

கோபத்தில் விறுவிறுவென்று உள்ளே போனேன். வாயில் வந்ததை ஒரு கடைக்குப் பெயராக வைத்து, மற்ற இரண்டையும்விட விலையை ஏற்றி, இடது கையால் மூன்றாவது கொட்டேஷனை எழுதினேன். தபாலில் வந்தது என்று அப்பாவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தபால் ஏது என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கள்ளக் கொட்டேஷனைப் பிடிப்பதில் ஆபீசில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போச்சு, சரித்திரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை எவன் கடையைத் திறந்து கொட்டேஷன் எழுதுவான்?"

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"வெள்ளிக்கிழமைத் தேதியா மாத்து," என்றார். "இடது கையாலயே எழுது."