கானாறு விடும் மூச்சு

வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மூன்று வருடம் தையல் பிசிறு பார்த்தேன். கடைசியில் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தது. பக்கெட்டைத் தண்ணீரில் கவிழ்க்கும் வேலை.

ஓடைகள் காற்றில் எவ்வளவு கரியமில வாயு விடுகின்றன என்று ஆராய வந்த ஒரு மேடத்துக்கு நான் உதவியாளர். மாதனூர்ப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் கானாற்றில் கவிழ்த்த பக்கெட்டை மிதக்கவிடுவோம். உள்ளே இருக்கும் மீட்டர் வாயுவை அளக்கும்.

மலையடிவாரத்துத் தெளிந்த தண்ணீரில் ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். மீட்டர் ஏறிக்கொண்டே போனது. என் மூச்சுதான் பட்டுவிட்டதோ என்று தள்ளி நின்றேன். அப்போதும் ஏறியது.

"சரியாத்தான் காட்டுது," என்றார் மேடம். "தண்ணில விழுந்த எலையெல்லாம் மக்குது. அதத் தின்ற கிருமிங்க மூச்சு விடுது. மரம் காத்துலேர்ந்து எடுத்தது காத்துக்கே திரும்புது."

அன்று இரவு சோறு போடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தோல் பதனிடும் ஷாப்பில் பாய்லர் பார்க்கிறவர், பாதியைத்தான் கேட்டார். அதில் பாதியைத் தன் சூப்பர்வைசரிடம் சொன்னார். ஒரே வாரத்தில் டீக்கடையில் பேச்சு: "கானாறே நம்ம ஷாப்பவிட ஜாஸ்தி புகை விடுதாம்பா. நம்மள மட்டும் இன்னாத்துக்குக் கேக்குறாங்க?"

என் பட்டத்தை வைத்துத் தோல் ஷாப்புக்கு நற்சான்று கொடுத்ததுபோல் கூசியது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் வீட்டுக்கே போனேன். "சார், எல விடுறது நேத்து காத்துல இருந்தது. உங்க பாய்லர்ல எரியற நிலக்கரி எத்தனையோ காலமா பூமிக்குள்ள கெடந்தது. ரெண்டும் ஒண்ணில்ல."

கல்லூரியில்கூட நான் சொல்வதை யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ கானாத்தோரம் இருக்கற மரத்தயெல்லாம் வெட்டிட்டா வாயு கம்மியாவும், இல்லியாம்மா?"

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தை முடிவதற்குள் கானாறு வற்றியது. வேலை போயிற்று என்று ஷூ கம்பெனியில் விசாரித்து வைத்தேன். மேடமோ, காய்ந்த மணலும் வாயு விடும், அதையும் அளக்க வேண்டும் என்றார். லீவு நாளில் வண்டியில் கொண்டுவந்து விட்ட வீட்டுக்காரர், திரும்பிப் போகாமல் வெயிலில் என்னோடு குந்திக்கொண்டு மீட்டரையே பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. எண் மட்டும் மெல்ல ஏறியது.

எழுந்து மணலைத் தட்டிவிட்டார். பிறகு, "இத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றார்.