ஸ்டெப்னி

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஜிம்மில் நிலைத்த பெயர் ஸ்டெப்னி. காரோடு ஊரெல்லாம் சுற்றும், ஆனால் ரோட்டில் உருளாத டயர் ஒன்று இருக்கிறதே, அதேதான். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. ஆரம்பத்தில் சுருக்கென்று கோபம் வந்தது. போகப்போக, போனை எடுத்தால் "ஸ்டெப்னி பேசுறேன்" என்று அவளே சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் ஒரே கூண்டுக்குள் நடக்கும் மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸில் பெண்கள் சாம்பியன்ஷிப் என்றால் மோதப்போவது இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருத்திக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல் வந்தால், கால் பிசகினால்? டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் சும்மா விடுமா? அதனால் மூன்றாவதாக ஒருத்தியைத் தயாராக வைத்திருப்பார்கள். அவளும் அதே எடைக்கு இறங்க வேண்டும். கையில் துணி சுற்றி டேப் ஒட்டி அதிகாரியிடம் காட்ட வேண்டும். வியர்த்து விறுவிறுக்க உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தனி அறையில் காத்திருக்க வேண்டும். கூண்டில் முதல் மணி அடித்துவிட்டால் அவள் சோலி முடிந்தது. கைக்கட்டை வெட்டி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பட்டினிக்கு மட்டும் குறைச்சல் இல்லை, பேருக்கு உப்புக்குச் சப்பாணி.

அவள் வேலை பார்த்தது ஒரு பேக்கரியில். விடியற்காலையில் மாவு பிசைந்து, தட்டுத் தட்டாக பன்களை அடுப்பில் தள்ளும் வேலை. எடை குறைக்கிற வாரத்தில் அங்கே நின்று பாருங்கள், தெரியும். வெண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்கும், வயிறு கூப்பாடு போடும், இவளோ ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டு நிற்பாள். "வயித்துல பூச்சி, டாக்டர் எதையும் சாப்பிடக்கூடாதுன்னுட்டாரு" என்று முதலாளியிடம் வாய்கூசாமல் பொய் சொல்வாள். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பூச்சி வரும் இந்தப் பெண்ணை நினைத்து அந்த மனிதர் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா இல்லை. இருந்தது ஒரே ஒரு அக்கா, கல்யாணமாகி வெளியூரில் தையல் கடை வைத்திருந்தாள். தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். ஆனால் சண்டை என்றால் அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரே ஒருமுறை பார்க்க வந்தவள், தங்கையின் முகம் வீங்கியதைக் கண்டு பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு போட்டி முடிந்ததும் ஒரு போன், அவ்வளவுதான்.

சின்னச் சின்னப் போட்டிகளில் இவள் ஜெயித்திருக்கிறாள். சாம்பியன்ஷிப் கூண்டுக்குள் மட்டும் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, வலது முட்டி வேறு பழுது. "இதுதான் கடைசி. இனிமே உன்னக் கூப்பிட மாட்டாங்க" என்று ஜிம் மாஸ்டர் பட்டென்று சொல்லிவிட்டார். இன்றைக்கு விட்டால் எப்போதும் இல்லை. ஒரே ஒரு தடவை அந்தக் கூண்டுக்குள் நின்றுவிட வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்தக் கடைசி மாலை அவள் தனியாகத்தான் இருந்தாள். மாஸ்டரின் இன்னொரு மாணவிக்கு முதல் சண்டையிலேயே உதடு கிழிந்துவிட, அவர் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். "நீ பாத்துக்குவியா?" என்று கேட்டார். "எனக்கென்ன, உக்காந்திருக்கிற வேலைதானே மாஸ்டர்" என்றாள். ஸ்டெப்னிக்குக் கொடுக்கும் அறை எப்போதுமே நடைபாதையின் கடைசியில்தான். ஒரு பெஞ்சு, ஒரு பாய் விரிப்பு, சுவரில் படம் வராத டிவி. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பியனின் ஆட்கள் பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் இவள் சுவரைப் பார்த்துக் குத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாத தன்மேல் அவளுக்கே இரக்கமாக இருந்தது.

முட்டி விண்விண்ணென்று தெறித்தது. பையில் அதற்கு மாத்திரை இருந்தது. தண்ணீரில் கரைத்துக் குடித்தால் வலி பறந்துவிடும். ஆனால் போட்டி நாளில் அதைத் தொடக்கூடாது. சோதனையில் தெரிந்தால் தடை. அது உடம்பில் தங்கிவிடுமோ என்று பயந்து வாரம் பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருந்தாள். முந்தின சண்டை முடிந்து, பக்கத்து அறைக் கூட்டமும் கிளம்பிப் போய்விட்டது, இனி அடிக்கப்போவது சாம்பியன்ஷிப் மணிதான். மணி அடிக்கட்டும், முதல் வேலை அந்த மாத்திரைதான்.

மணி அடித்தது.

கணீரென்று ஒரே அடி. அதைத் தொடர்ந்து அரங்கமே அதிர்கிற மாதிரி கூச்சல். பல வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம், சந்தேகப்பட என்ன இருக்கிறது? கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "சரி, போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்துக் கைக்கட்டை வெட்டினாள். மாத்திரையைக் கரைத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

கதவு படாரென்று திறந்தது. நிகழ்ச்சி மேனேஜர், முகமெல்லாம் வேர்வை.

"ஏய், வா வா! சாம்பியன் நடந்து வரும்போதே மயங்கி விழுந்துட்டா. பிரஷர் ரொம்ப எறங்கிடுச்சாம், டாக்டரம்மா முடியாதுன்னுட்டாங்க. நீதான் எறங்கணும்!"

"என்ன சார் சொல்றீங்க? மணி அடிச்சாச்சே!"

"அதுவா? இதுக்கு முன்னாடி சண்டையில தோத்தாளே ஒருத்தி, அவ திடீர்னு மைக்க வாங்கி இதோட போதும்னு அறிவிச்சுட்டா. அதான் அவளயே கடைசி மணி அடிக்கச் சொன்னோம். அது கெடக்கட்டும், கட்டு எங்க? ஏன் வெட்டுன? சரி விடு, வேற கட்டிக்கலாம். டாக்டரம்மாவ அனுப்புறேன்."

விலகிப் போகிறவள் தன் கையாலேயே ஒரு மணி அடித்துவிட்டுப் போவது அந்த அரங்கத்து வழக்கம். இவளுக்கு அது தெரியாதா என்ன? எத்தனை பேருக்குக் கை தட்டியிருக்கிறாள்! ஆனால் அது முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது. இன்றைக்குப் பார்த்துத்தானா ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும்? வெளியே போய் ஒரு எட்டு எட்டிப் பார்த்திருக்கக்கூடாதா இந்தப் புத்திகெட்டவள்? தலையில் அடித்துக்கொண்டாள். கழுவுதொட்டிக்கு ஓடினாள், தொண்டையில் விரலை விட்டு ஓங்கரித்தாள். கொஞ்சம் வந்தது. வந்தது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று யார் கண்டது?

டாக்டரம்மா வந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், முட்டியை அழுத்திப் பார்த்தார். முட்டி வலிக்கவே இல்லை.

"இன்னிக்கு ஏதாவது மாத்திரை, ஊசி?" என்று எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். பேனா 'இல்லை' என்கிற கட்டத்தின்மேல் ஏற்கெனவே போய் நின்றிருந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறையில் வேறு ஆள் கிடையாது. சோதனை முடிவு வருவதற்கு ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் கூண்டில் நின்றிருப்பாள், ஒருவேளை ஜெயித்தும் இருப்பாள். பொய் சொல்ல வராதவளா அவள்? பேக்கரியில் சொல்லாத பொய்யா? வெளியே கூட்டம் காலைத் தட்டித் தட்டிக் கத்தியது. அவளுக்காகத்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஆனால் ஒரு வாரம் இடுப்பில் கட்டிக்கொண்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற சாம்பியன் பெல்ட் அவளுக்கு வேண்டாம். இத்தனை நாளும் அடுத்தவளுக்குப் பதிலாகத்தான் நின்றாள். அப்படி நின்றாலும் ஒழுங்காக நின்றாள். அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது, அதையும் தொலைக்க மனசு வரவில்லை.

"குடிச்சுட்டேன் மேடம்" என்றாள்.

"என்னத்த?"

மாத்திரை உறையை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா அதைப் படித்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். "எப்ப?"

"இப்பதான். மணி அடிச்சிருச்சுன்னு நெனச்சு."

"அய்யோ, என்னம்மா நீ" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள். இவள் கன்னத்தை லேசாகத் தட்டிவிட்டு வெளியே போனார். நடைபாதையில் மேனேஜர் தாம்தூம் என்று குதிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் போட்டி ரத்து என்றார்கள். கூட்டம் ஊளையிட்டது. யார் வராததால் ரத்து என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யாருக்கு அவளைத் தெரியும்?

பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அக்கா. போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்திருப்பாள்.

"என்னடி ஆச்சு? எறங்கினியா?"

"இல்லக்கா. சண்டை நடக்கல."

"அப்பாடா! நல்லதாப் போச்சு. காலையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல தெரியுமா? ஊசியில நூல்கூடக் கோக்க முடியல." பெருமூச்சு விட்டாள் அக்கா. பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பது கேட்டது. "ஏங்க, இன்னிக்கும் அவளக் கூப்பிடலயாம்! இனிமே கூப்பிடவும் மாட்டாங்க. நிம்மதியாத் தூங்கலாம்!" மாமா ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"கூப்பிட்டாங்கக்கா" என்றாள் இவள். "என்னத்தான் வரச் சொன்னாங்க. எனக்காகத்தான் எல்லாரும் காத்திட்டிருந்தாங்கக்கா."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம். அக்கா மறுபடியும் போனைக் காதில் வைத்தாள்.

"என்னமோ சொன்னியே, காதுல விழல. என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் ஸ்டெப்னி. "பசிக்குது, சாப்பிடப் போறேன். நீயும் சாப்பிடு."