இருபத்தொன்பதாவது சுற்று

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தெருவோரம் நின்றிருந்தேன். மணி இரண்டு பத்து. நேரத்தைக் குறித்து வைப்பது என் பழைய வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கோ மலைப்பாதையில் இறங்கி வந்த வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பிரேக் கருகிய வாடை. நடைபாதையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் சாம்பிராணிப் புகை போல அதை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாடை என்னை நேரே செப்பாங் பந்தயத் திடலில் இறக்கிவிட்டது. ஆறு மணி நேரக் கார் பந்தயம். காலை பத்துக்குத் தொடங்கி மாலை நான்குக்கு முடியும். வருடத்தைச் சொன்னால் என் வயது தெரிந்துவிடும், வேண்டாம். ஆறு மணி நேரத்தில் யார் அதிகச் சுற்று ஓடுகிறாரோ அவருக்கு வெற்றி. பாதையோரம் இருக்கும் பிட்டில் நிறுத்திப் பெட்ரோல் போடலாம், டயர் மாற்றலாம், ஆனால் கடிகாரம் நிற்காது.

தேவன் அண்ணே பண்டமாரானில் பட்டறை வைத்திருந்தார். வாரநாளில் லோரி பழுது பார்ப்பார். வார இறுதியில் ஒரு பழைய பந்தயக் காரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். காரின் சொந்தக்காரர் டாக்டர் லிம், கிள்ளானில் பல் மருத்துவர். அவரும் அவர் தம்பியும் மாறி மாறி ஓட்டுவார்கள். டயர் மாற்ற, எடுபிடிக்கு என்று சிலர் இருந்தார்கள். பெட்ரோல் ஊற்றுவது குமார், துறைமுகத்தில் லோரி ஓட்டுபவன். நான் அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இன்றுவரை தெரியாது. எதையும் நிமிடத்தோடு எழுதி வைக்கும் ஆள் என்பதால் சுற்று எண்ணும் வேலை கிடைத்தது. கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு வரி. டேங்க் நிரப்பினால் இருபத்தெட்டுச் சுற்று தாங்கும். காரின் பெட்ரோல் முள் எப்போதும் பொய்தான் சொல்லும். அதனால் என் நோட்டுதான் முள்.

முதல் வருடம் நான் அடித்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். பந்தயத்துக்கு முன் எல்லாக் கார்களும் வரிசையாக ஒரு சுற்று மெதுவாகப் போய் வரும். அது பந்தயக் கணக்கில் சேராது. சேராததை நான் ஏன் எழுதப் போகிறேன்? பெட்ரோலுக்கு அந்த விதி தெரியவில்லை. இருபத்தெட்டாவது சுற்றில், பிட்டுக்கு இரண்டு வளைவு முன்னால், கார் செத்து நின்றது. இழுவை லோரியில் திரும்பி வந்தது. தேவன் அண்ணே ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்ட்டியா தம்பி?" என்று ரொட்டி சானாய்ப் பொட்டலத்தை நீட்டினார். திட்டியிருக்கலாம்.

அடுத்த வருடமும் என்னையே உட்கார வைத்தார். எங்கள் பிட் அறை முதல் வருடம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி இருந்தது. இந்த முறை கோட்டுக்கு முன்னால் கொடுத்திருந்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் குமார் முணுமுணுத்தான். "அண்ணே, டேங்க்ல நெறைய மிச்சம் இருக்கு. இவரு பயந்துக்கிட்டு சீக்கிரமே கூப்புடுறாரு லா."

"போன வருசம் பட்டது போதும்டா. மூடிக்கிட்டு ஊத்து" என்றார் தேவன் அண்ணே.

கடைசிப் பத்து நிமிடம். எங்கள் பிரிவில் நாங்கள் மூன்றாவது! ஐந்து வருடம் ஓடியும் அந்த அணி பரிசு மேடைப் பக்கமே போனதில்லை. நாற்பது விநாடி பின்னால் ஆரஞ்சு நிறக் கார் ஒன்று துரத்திக்கொண்டிருந்தது. பிட்டுக்குள் வந்து போனால் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும், மூன்றாம் இடமும் போய்விடும். என் நோட்டுப்படி, கடைசியாக நிரப்பியதிலிருந்து இருபத்தெட்டாவது சுற்றில் பந்தயம் முடிகிறது, பெட்ரோலும் முடிகிறது. கையைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

அப்போது எல்லோருக்கும் முன்னால் ஓடிய கார், ஆறு மணி நேரம் முடிய மூன்று விநாடி இருக்கும்போது கோட்டைத் தாண்டித் தொலைத்தது. நேரம் முடிந்தபின் அந்தக் கார் அடுத்து கோட்டைத் தாண்டும்போதுதான் பந்தயம் முடியும். அதனால் எல்லோருக்கும் இன்னும் ஒரு சுற்று. இருபத்தொன்பது!

ரேடியோவில் டாக்டர் லிம் கத்தினார். "பெராப்பா லாகி? இன்னும் எத்தனே?"

"குமாரு, ஒரு சுத்துக்கு மட்டும் ஊத்து, ரெடியா நில்லு. உள்ள கூப்புடுறேன்" என்றார் தேவன் அண்ணே. "நடுவழியில நிக்கறதுக்கு நாலாவதா வரலாம்."

"டேங்க்ல மிச்சம் இருக்குன்னு காலைலேருந்து கத்துறேன், யாருக்காவது காது இருக்கா?"

நான் நோட்டில் விரலை ஓட்டினேன். குமார் கடைசியாக ஊற்றி முடித்த நிமிடம் எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த வரியில் முதல் சுற்று. இரண்டுக்கும் ஒரே நிமிடம்! கார் பிட்டிலிருந்து கிளம்பி, பத்துப் பதினைந்து அடியில் கோட்டைத் தாண்டியிருக்கிறது. நானும் விசுவாசமாக ஒரு சுற்று எழுதியிருக்கிறேன். ஓடாத சுற்று.

"அண்ணே, கூப்புடாதீங்க! மொத சுத்து சுத்தே இல்ல! இன்னும் ஒரு சுத்துக்குப் பெட்ரோல் இருக்கு!"

"போன வருசமும் நோட்டு சுத்தமாத்தான் இருந்துச்சு பாஸ்" என்றார் டயர் மாற்றுபவர்.

ஆறு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நோட்டைத் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது தேவன் அண்ணே வாயருகே வைத்திருந்த ரேடியோவை மெல்ல இறக்கினார்.

அடுத்த இரண்டரை நிமிடம் எல்லோரும் பிட் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி வளைவில் கார் தெரிந்தது. நேர்ப்பாதையில் ஒருமுறை இருமியது. இன்னொரு முறை இருமியது. குமார் பிட் சுவரில் ஏறி, "வா, வா, வா ராசா!" என்று மாட்டு வண்டியை ஓட்டுவது போல ஓட்டினான். கோட்டைத் தாண்டியது! தாண்டிய நூறு அடியில் சத்தம் அடங்கி, உருண்டுபோய் நின்றது. ஆரஞ்சுக் கார் முப்பத்தெட்டு விநாடி கழித்து வந்தது. டயர் மாற்றுபவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். பென்சில் எங்கே போனதென்று தெரியவில்லை. யாரிடமோ பேனா வாங்கி, நிமிடத்தோடு, "தேவன் அண்ணே என்னை நம்பினார்" என்று எழுதினேன்.

சென்ற தீபாவளிக்கு ஜெஞ்சாரோமில் மகள் வீட்டில் இருக்கும் அவரைப் பார்க்கப் போனேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே அந்த வரியைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"டேய், நீ நோட்டுக்குள்ள தலைய உட்டுக்கிட்டுக் கத்துன. அதுக்குள்ள கார் பிட் வாசலத் தாண்டிப் போயிருச்சு. அப்புறம் கூப்புட்டு என்ன லா பண்றது?"

"அப்போ ரேடியோவ இறக்குனீங்களே?"

"கை வலிச்சுச்சுடா."

நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? பட்டறை இருந்த இடத்தில் இப்போது பார்சல் கிடங்கு. காரை வடக்கே யாரோ வாங்கிப் போனார்கள். இன்றைய கார்கள் பெட்ரோலைச் சொட்டுக் கணக்கில் திரைக்கு அனுப்புகின்றன. பிட்டில் இருக்கும் ஆறு பேரும் அந்தத் திரையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு குமாஸ்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.