நட்டமென்று தெரிந்தே படித்த படிப்பு

எண்பத்தெட்டாம் ஆண்டு எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாங்குகளில் இருக்க இடம் போதாமல், பிந்தி வரும் பிள்ளைகள் வெளியே சைக்கிள் இருக்கையில் கொப்பியை வைத்து எழுதுவார்கள். பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிய கவலையில் கண்ணில் பட்ட படிப்புக்கெல்லாம் விண்ணப்பித்திருந்தேன். அப்படிப் போட்ட ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. கொழும்புக்குப் பக்கத்தில், விசேட கல்வியில் மூன்று வருடப் பயிற்சி. காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கான படிப்பு அது.

என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தவர். எந்தச் செலவையும் ரூபாயில் சொல்லமாட்டார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து.

“மூண்டு போகத்து வெங்காயம் இதிலை போகுது,” என்றார். “அதோடை நீ இப்ப ரியூட்டரியிலை எடுக்கிறதும் இல்லை. படிச்சு வந்தால் மற்ற ரீச்சர்மாருக்குக் குடுக்கிற அதே சம்பளம்தானே?”

“ஓம் ஐயா. சின்ன அலவன்ஸ் ஒண்டு சேர்த்துக் குடுப்பினமாம்.”

“காது கேளாத பிள்ளையளுக்கு ஆர் ரியூசன் வைக்கிறது?”

ஒருவரும் வைக்கமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். கணக்கு ரீச்சராக இருந்தால் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு பின்னேர வகுப்புகளில் வரும்.

அம்மாவின் கணக்கு வேறு. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள். “அந்தச் சனத்தின்ரை முகத்தைக் கண்டனான். நான் உன்னை அங்கை அனுப்பமாட்டன்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “முடிச்சு வரேக்கை வயசும் இருபத்தஞ்சு ஆகியிடும். பிறகு எப்ப கலியாணம்?” என்றாள்.

வேண்டாம் என்று எழுதிப் போடுவதென்றே முடிவாயிற்று. ஆனால் சேருவதற்கு முன் ஒரு வாரம் அப்படியான பள்ளி ஒன்றில் இருந்து பார்க்கவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. தென்மராட்சிப் பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கு ஏற்கனவே சொல்லியும் வைத்திருந்தேன். சொன்ன சொல்லுக்காகப் போய்விட்டு வந்து மறுப்பை எழுதலாம் என்றார் ஐயா.

முதல் நாள் காலை வகுப்பறைக்குள் போனபோது ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. என்னைவிட மூன்று நான்கு வயது கூடிய ரீச்சர் ஒருவர் சுடருக்கு முன்னால் இருந்து “ப” என்றார். சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. “ம” என்றார். சுடர் அசையவில்லை. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறந்தது. எதிரே இருந்த ஆறு பிள்ளைகள் உதட்டையும் சுடரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் ரியூட்டரிப் பிள்ளைகள் ஒருநாளும் கரும்பலகையை அப்படிப் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கதைத்தவள் நான். என் நாக்கு எங்கே போகிறது, மூச்சு எந்த வழியால் வருகிறது என்று ஒரு தரமும் நினைத்ததில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போது சோற்றை விழுங்காமல் “த”, “ட”, “ற” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நாக்கு தன் இடத்தைத் தானே தேடிப் போனது. என் வாய்க்குள் இவ்வளவு காலமும் இப்படியொரு வேலை நடந்திருக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது.

அந்த ஆறு பேரில் கடைசியாக வந்து சேர்ந்தவள் கொடிகாமத்துச் சிறுமி. ஐந்து வயது. வாயைத் திறக்கமாட்டாள், ஒருவரையும் தன்னைத் தொட விடமாட்டாள். ரீச்சர் தினமும் அவளுடைய கையை எடுத்துத் தன் தொண்டையில் வைப்பார், அவள் இழுத்துக்கொள்வாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் அப்படியே போயின.

வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிப் போக ஐயா சைக்கிளில் வந்தார். வகுப்பு முடியவில்லை. வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். ரீச்சர் வழக்கம்போலக் குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்து “ம்ம்ம்” என்றார். அன்று அவள் கையை இழுக்கவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு வைத்தபடி இருந்தாள். பிறகு தானாகவே மற்றக் கையைத் தன்னுடைய தொண்டையில் வைத்தாள். பிறகு அவளுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரத்த, நீண்ட, ஒரு சொல்லும் இல்லாத சத்தம். அது தன் கைக்குள் அதிர்வதை உணர்ந்து பயந்து நிறுத்தினாள். ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் தொடங்கினாள். பிறகு நிறுத்தவே இல்லை.

ஐயா உள்ளே வந்து ரீச்சரிடம் நேராகவே கேட்டார். “பிள்ளை, உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?”

அவர் சிரித்தபடி சொன்னார்.

“இந்தக் காசு காணாது,” என்றார் ஐயா.

“காணாதுதான் ஐயா.”

திரும்பும் வழியில் நான் பின் கரியரில் இருந்தேன். கோப்பாய்ப் பக்கம் வந்தபோது ஐயா ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தொண்டையில் வைத்து “ம்ம்ம்” என்றார். அந்த அதிர்வு அவருடைய முதுகில் எனக்குத் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

வீட்டுப் படலையில் இறங்கியபோது சொன்னார். “நான் போட்ட கணக்குப் பிழையில்லை. நட்டம்தான். நீ போ.”

அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

நான் போனபோது பாதை திறந்திருந்தது. படிப்பை முடித்துத் தொண்ணூற்றொன்றில் திரும்பியபோது சண்டையால் ரயிலும் இல்லை, பாதையும் இல்லை. சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்தும் படகில் ஏறியும் ஊர் வந்து சேர்ந்தேன். அதே பள்ளியில் வேலை கிடைத்தது. சம்பளம் ஐயா சொன்னது போலத்தான்; சில மாதம் அதுவும் பிந்தி வந்தது. என்னோடு ரியூட்டரியில் படிப்பித்தவள் அதற்குள் சொந்தமாக ஒரு கொட்டில் போட்டு வகுப்பு நடத்தினாள்.

கொடிகாமத்துச் சிறுமி என் வகுப்பில் இருந்தாள். எட்டு வயது. பொருளாதாரத் தடையால் பற்றரி வருவதில்லை. பிள்ளைகளின் காதுக் கருவிகள் அலுமாரிக்குள் கிடந்தன. மெழுகுதிரியும் கிடைப்பது அருமையானதால் கடதாசிக் கீற்றொன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துப் படிப்பித்தேன். அவளுக்கு எல்லா எழுத்தும் மெல்ல மெல்ல வந்தன. “ழ” மட்டும் வரவில்லை. அது உதட்டில் தெரியாது, கடதாசியையும் அசைக்காது. கண்ணாடிக்கு முன்னால் இருவரும் வாயைத் திறந்தபடி எட்டு மாதம் இருந்திருப்போம். “மளை” என்பாள். “மயை” என்பாள். என் முகத்தைப் பார்த்துப் பிழையென்று கண்டுகொண்டு, கோபிக்காமல் திரும்பவும் தொடங்குவாள்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு விமானம் வந்தது. எனக்குக் கேட்பதற்கு முன்னமே பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். நிலத்திலும் மேசையிலும் அது அவர்களுக்குத் தெரிந்துவிடும். பதுங்குகுழிக்குள் இறங்கினோம். வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு. இருட்டில் அவர்களோடு என்னால் கதைக்க முடியாது என்பது அங்கே இருந்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. என் உதடு அவர்களுக்குத் தெரியாது. பயப்படாதே என்று சொல்லவும் வழியில்லை.

எங்கோ கிட்டடியில் குண்டு விழுந்தது. கூரையாகப் போட்ட பனங்குற்றிகளுக்கு இடையால் எங்கள் தலையில் மண் கொட்டியது. அப்போது ஒரு சிறிய கை என் கையைத் தேடிப் பிடித்தது. அதைக் கொண்டுபோய்த் தன் தொண்டையில் வைத்தது.

“மழை,” என்றாள்.

நானும் கையால்தான் கேட்பேன் என்று அவள் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறாள். இருட்டில் எனக்குக் கேட்கட்டும் என்று என் கையை எடுத்து வைத்திருக்கிறாள். அதை உணர்ந்து முடிப்பதற்குள் அடுத்தது எனக்கு உறைத்தது. “ழ” சரியாக வந்திருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் சொல்வது போலவே வந்திருந்தது. வெளியே விமானம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதை மறந்துபோய் அவளுடைய கன்னத்தைத் தட்டி, திரும்பச் சொல், திரும்பச் சொல் என்று கேட்டேன். இருட்டில் அவளுக்கு என் கேள்வி தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சொன்னாள். மண் கொட்டிய ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் பக்கமான வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. வந்த சனம் பள்ளிக்குள்ளும் நிறைந்ததால் வகுப்புகள் கலைந்தன, பிள்ளைகளை அவரவர் வீட்டார் வந்து கூட்டிப் போனார்கள். நாங்களும் கைப்பைகளோடு தென்மராட்சிக்கு நடந்து, தெரிந்தவர் ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் தங்கினோம்.

ஒருநாள் மரக்கறி வாங்கக் கொடிகாமம் சந்தைக்குப் போனேன். நிற்க இடமில்லாத சனம். சாக்கு விரித்துக் கத்தரிக்காய் குவித்த ஒரு இடத்தில் அந்தச் சிறுமி, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக, தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். தாய் நிறுக்க, இவள் விலை சொன்னாள். ஒரு கிழவர் காசை எடுத்து நீட்டிவிட்டு அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார்.

“பிள்ளை எந்த ஊர்? கதை கொஞ்சம் வேறை மாதிரிக் கிடக்கு.”

அவள் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கொடிகாமம்,” என்றாள்.

“அப்பிடியோ. நான் நினைச்சன் தீவுப் பக்கம் எண்டு,” என்று சொல்லிக் கத்தரிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் போனார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் என்னைக் கண்டாள். முகம் மலர்ந்தது. கொஞ்சம் பொறுங்கோ என்று கையைக் காட்டினாள். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள்.